குரலை மட்டும் நம்பலாமா?

பழகிய வாடிக்கைக்காரர் போனில் ஒரு வார்த்தை சொன்னால் நாம் சரக்கை அனுப்பிவிடுகிறோம். அவர் குரல்தான் நமக்குக் கைச்சீட்டு. அந்தக் குரலையே இயந்திரம் செய்து தரும் காலம் வந்துவிட்டது. கடைக்காரருக்கு இதனால் சரக்குதான் போகும். தேர்தல் அதிகாரி ஏமாந்தால் ஜனங்களின் வாக்கே போய்விடும்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2024 ஜனவரி 23-ல் அங்கே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு. இரண்டு நாள் முன்னதாக ஆயிரக்கணக்கானோருக்குப் போன் வந்தது. பேசியது அப்போதைய அதிபர் பைடனின் குரல். இப்போது வாக்களிக்காமல் நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். வாக்கு என்ன அரிசி மூட்டையா, எடுத்து வைத்துப் பிறகு விற்க?

அந்தப் பொய்க் குரலைச் செய்யக் கூலி 150 டாலர்தான். செய்யச் சொன்ன அரசியல் ஆலோசகருக்குத் தொலைத்தொடர்பு ஆணையம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆனால் 2025 ஜூனில் அம்மாநில ஜூரிகள் குற்ற வழக்கில் அவரை விடுதலை செய்தனர். ஆகவே, தண்டனை பயம் காவல் காக்கும் என்று அதிகாரிகள் சும்மா இருக்க முடியாது.

அரிசோனா மாநிலத்தார் முன்கூட்டியே விழித்துக்கொண்டனர். 2023 டிசம்பரில் மாநிலச் செயலாளர் ஏட்ரியன் ஃபோன்டெஸ் தேர்தல் அதிகாரிகளைக் கூட்டி ஒத்திகை நடத்தினார். தமது உருவத்தையும் குரலையுமே பொய்யாகச் செய்வித்து அவர்களுக்குக் காட்டினார். நம் அபிப்பிராயத்தில் பத்துச் சுற்றறிக்கையைவிட இது மேல்.

"நீதிமன்ற உத்தரவு, சாவடியை இன்னும் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள்" என்று மேலதிகாரியின் குரலில் போன் வந்தால் என்ன செய்வது? போனை வைத்துவிட்டு, முன்பே எழுதி வைத்திருக்கும் நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். திரையில் தெரியும் நம்பரை நம்பலாகாது. நியூ ஹாம்ப்ஷயரிலும் வேறொருவரின் நம்பரே திரையில் தெரிந்தது. தங்களுக்குள் ஓர் அடையாள வார்த்தை வைத்துக்கொள்வதும் நல்லது. நம்பர்களைக் காகிதத்திலும் எழுதி வைக்க வேண்டும்.

இயந்திரத்தால் நன்மையே இல்லையா? உண்டு. ஓர் அறிவிப்பை நான்கு மொழியில் நொடியில் எழுதித் தரும். ஆனால் அந்த மொழி தெரிந்தவர் படித்துப் பார்க்காமல் ஒட்டக் கூடாது. 2024 ஜனவரியில் அமெரிக்கத் தேர்தல் அதிகாரிகளும் நிபுணர்களும் ஐந்து இயந்திரங்களிடம் வாக்காளர் கேட்கக்கூடிய கேள்விகளைக் கேட்டுப் பார்த்தனர். ஏறக்குறையப் பாதி பதில்கள் தவறு!

நமது சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 15-ல் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. தேர்தல் ஆணை வெளியானது முதல் வாக்களிப்பு முடியும் வரை, வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் மெய்போலக் காட்டும் பொய்ப் படமும் பொய்க் குரலும் இணையத்தில் வெளியிடத் தடை. அகற்றும்படி உத்தரவிடும் அதிகாரம் தேர்தல் அதிகாரிக்கு உண்டு. 2025 மே 3 பொதுத் தேர்தலுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. வேட்பாளரும் "இது நானல்ல" என்று உறுதிமொழி தந்து புகார் செய்யலாம். தெரிந்தே பொய்யாக உறுதி கூறினால் அவர்மீதே குற்றம்.