தோளில் சுமை, துணைக்கு நட்பு

நுழையும்முன்

வரைபடத்தில் வெற்றிடமாகக் கிடந்த ஒரு மலைவெளிக்குள் 1934ஆம் ஆண்டில் இரு நண்பர்கள் நடந்து சென்றனர். அவர்களிடம் பெரும்படையும் இல்லை, பெரும்பொருளும் இல்லை. தோளில் சுமக்கத்தக்க மூட்டைகளும், மூன்று ஷெர்ப்பாத் தோழர்களும், ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையுமே அவர்களிடம் இருந்தன. எளிய ஏற்பாட்டுடன் அரிய செயலைச் செய்ய முடியும் என்பதையும், காட்டுவெளியில் நட்பு எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பதையும் அப்பயணம் காட்டுகிறது.

மதில்சூழ் மலை

உத்தராகண்ட் மாநிலத்தின் கட்வால் இமயமலைப் பகுதியில் 7,816 மீட்டர் உயரத்தில் நிற்கிறது நந்தா தேவி. கட்வால், குமாவோன் மக்களுக்கு இம்மலை வெறும் பாறையும் பனியும் அன்று. தங்கள் குலத்தைக் காக்கும் தெய்வம். தங்கள் வீட்டில் பிறந்த மகள். அம்மகளைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் பெருவிழாவாக, நந்தா தேவி ராஜ் ஜாத் என்னும் நடைப்பயணத்தை மக்கள் இன்றும் நடத்தி வருகின்றனர்.

இம்மலையை நெருங்குவதே அந்நாளில் பெரும் புதிராக இருந்தது. சிகரத்தைச் சுற்றி ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளத்திற்கு மலைத்தொடர் ஒன்று மதில்போல் வளைந்து நிற்கிறது. அம்மதிலில் ஒரேயொரு பிளவு மட்டும் மேற்குத் திசையில் உண்டு. உள்ளே உருகும் பனிநீர் அனைத்தும் ரிஷி கங்கை என்னும் ஆறாகித் திரண்டு, அப்பிளவின் வழியே வெளியேறுகிறது. ஆறு வெளியே வரும் வழியில் மனிதர் உள்ளே செல்ல இயலுமா என்பதே மலையேற்ற வீரர்களின் முன்னிருந்த வினா.

1883ஆம் ஆண்டு முதல் பலர் முயன்றனர். டாம் லாங்ஸ்டாஃப் 1905இல் கிழக்கு மதிலின் மேலேறி உள்வெளியை எட்டிப் பார்த்தார். ஆயினும் இறங்க இயலவில்லை. 1907இல் அவர் அருகிலுள்ள திரிசூல் சிகரத்தை அடைந்தார்; ரிஷி கங்கையின் உட்பள்ளம் அப்போதும் வழிவிடவில்லை. ஹியூ ரட்லெட்ஜ் மும்முறை முயன்று திரும்பினார். இவ்வாறு அரை நூற்றாண்டுக் காலம் மலை தன் கதவைத் திறக்கவில்லை.

இருவேறு இயல்பினர்

எரிக் ஷிப்டன் 1907ஆம் ஆண்டு இலங்கையில் பிறந்தவர். ஹெரால்டு வில்லியம் டில்மன் அவரைவிட ஒன்பது வயது மூத்தவர்; இங்கிலாந்தில் பிறந்து, முதல் உலகப் போரில் போரிட்டு, வீரத்திற்கான இராணுவச் சிலுவைப் பதக்கத்தை இருமுறை பெற்றவர். போருக்குப் பின் டில்மன் கென்யாவில் காப்பித் தோட்டம் அமைத்தார். ஷிப்டனும் பின்னர் அங்கே வேளாண்மை செய்ய வந்தார். மலையேற்றம் பற்றிக் கேட்டு டில்மன் எழுதிய ஒரு மடலே இருவரையும் இணைத்தது.

1930இல் இருவரும் கென்யா மலையின் மேற்கு முகட்டு வழியாக ஏறினர். அதே மலைத்தொகுதியின் மற்றொரு சிகரத்தில் டில்மன் நிலைதவறி விழுந்து நினைவிழந்தார். கயிற்றின் மறுமுனையில் இருந்த ஷிப்டன் அவரைத் தாங்கிக் கீழே இறக்கினார். ஓர் உயிர் மற்றோர் உயிரின் பிடியில் தொங்கிய அக்கணத்தைப் பற்றி இருவரும் மிகுதியாகப் பேசிக்கொண்டதில்லை. ஆயினும் அதன்பின் அவர்கள் சென்ற ஒவ்வொரு பயணத்திலும் அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரியாமல் உடன் வந்தது எனலாம்.

இருவரின் இயல்பும் வேறு. ஷிப்டன் கனவு காண்பவர். மலைக்கப்பால் என்ன இருக்கிறது என்னும் வினாவே அவரை நடத்தியது. டில்மன் சொற்சுருக்கம் உடையவர், கடுமையான ஒழுங்கினர். உகாண்டாவிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரை வரை மிதிவண்டியிலேயே கடந்து தாயகம் திரும்பியவர். பல ஆண்டுகள் ஒன்றாகப் பயணம் செய்தபின், குடும்பப் பெயரை விடுத்துத் தம்மை 'எரிக்' என்றே அழைக்கலாமே என ஷிப்டன் கேட்டபோது டில்மன் பெரிதும் கூச்சமுற்றார் என்பர். நெருக்கத்தைச் சொல்லில் காட்டுவது அவருக்கு வரவில்லை. சுமையைப் பங்கிடுவதில் காட்டுவது வந்தது.

குறைந்த சுமை, நிறைந்த பயணம்

அக்காலத்து இமயப் பயணங்கள் போர்ப் படையெடுப்புகளை ஒத்திருந்தன. நூற்றுக்கணக்கான சுமையாளர்களும் சுமைவிலங்குகளும், பெட்டி பெட்டியாக அயல்நாட்டு உணவும் இன்றிச் செல்ல இயலாது என்பதே பொதுக்கருத்து. இரு நண்பர்களும் இதை ஏற்கவில்லை. ஓர் அஞ்சலுறையின் பின்புறத்தில் எழுதி முடிக்க இயலாத திட்டம் தேவைக்கு மிஞ்சிய திட்டம் என்பது அவர்தம் கொள்கையாகச் சொல்லப்படுகிறது.

1934 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து சரக்குக் கப்பலில் புறப்பட்டுக் கல்கத்தா வந்தனர். ஆங் தார்கே, பாசாங், குசாங் என்னும் மூன்று ஷெர்ப்பாக்கள் அவர்களுடன் இணைந்தனர். காத்கோதாம் வரை தொடர்வண்டி, அங்கிருந்து ராணிகேத் வரை மலைச்சாலை, அதன்பின் கால்நடை. அரிசி, கோதுமை மாவு, பருப்பு, நெய், சர்க்கரை, தேயிலை, ஷெர்ப்பாக்கள் உண்ணும் வறுத்த வாற்கோதுமை மாவாகிய சம்பா ஆகியவையே உணவு. ஏறத்தாழ ஐந்து மாதப் பயணத்திற்கு இருவருக்கும் சேர்த்து ஆன செலவு 300 பவுண்டுக்கும் குறைவு.

பயணத்தின் சிறப்பு செலவுக் குறைவில் மட்டும் இல்லை. ஐவரும் ஒரே உணவை உண்டனர். ஏறத்தாழ ஒரே அளவு சுமையைச் சுமந்தனர். ஆண்டான், பணியாள் என்னும் வேறுபாடு வேரூன்றியிருந்த ஆட்சிக் காலத்தில், மலையின் முன் ஐவரும் ஒன்றே என அவர்கள் நடந்துகொண்டது எளிய செய்தி அன்று. ஷெர்ப்பாக்களை ஏவலராக அன்றித் தோழராகக் கருதியதால், அவர்களின் மலையறிவும் பயணத்திற்கு முழுமையாகக் கிடைத்தது.

திறந்த கதவு

ஜோஷிமடத்தைக் கடந்ததும் கடுமை தொடங்கியது. கோடை தொடங்கியும் உயர்ந்த கணவாய்களில் பனி ஆழ்ந்து கிடந்தது. சுமையாளர்கள் ஓரெல்லை வரை வந்து திரும்பியபின், இறுதிப் பள்ளத்தாக்கைக் கடக்கும் பொறுப்பு ஐவர் தோள்களில் விழுந்தது.

அப்பள்ளத்தாக்கின் எஞ்சிய தொலைவு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் மட்டுமே. அதைக் கடக்க ஒரு வாரத்திற்கும் மேலாயிற்று. இருபுறமும் செங்குத்துப் பாறைகள். கீழே வெண்ணுரை கக்கும் ஆறு. எல்லாச் சுமையையும் ஒரே நடையில் கொண்டுசெல்ல இயலாது. ஒரு பகுதியைச் சுமந்து சென்று வைத்துவிட்டு, மீண்டும் வந்து மறுபகுதியை எடுத்துச் செல்ல வேண்டும். ஒரே வழியைப் பலமுறை நடந்தனர். பாறை விளிம்பு ஒன்று முடியும் இடத்தில் மற்றொன்று தொடங்குமா என்பதை முன்கூட்டியே அறிய இயலாது. ஒவ்வொரு திருப்பத்திலும், இதுவே இறுதி என மலை சொல்வதுபோல் தோன்றும். சற்று அருகில் சென்றால் கால் வைக்க ஒரு விளிம்பு புலப்படும்.

ஜூன் முதல் வாரத்தில் அவர்கள் உள்வெளியை அடைந்தனர். மதில்களுக்கு நடுவே பசும்புல்வெளிகளும் மலர்களும் விரிந்து கிடந்தன. பாரல் என்னும் நீலச் செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் நந்தா தேவி நின்றது. அவர்கள் அச்சிகரத்தை வெல்ல முற்படவில்லை. நில அளவைப் பலகையை நிறுத்தி, வடபகுதியின் பனியாறுகளையும் முகடுகளையும் வரைந்தனர். பருவமழை தொடங்கும் வேளையில் வெளியேறினர். செப்டம்பரில் மீண்டும் நுழைந்து தென்பகுதியையும் ஆராய்ந்தனர். வந்த வழியே திரும்பாமல், தென்மதிலின் சுந்தர்துங்கா கணவாயைக் கடந்து வெளியேறினர்.

பசியின் பள்ளி

இரு நுழைவுகளுக்கும் இடைப்பட்ட மழைக்காலத்தில் அவர்கள் பத்ரிநாத், கேதார்நாத் மலைத்தொடர்களைக் கடந்தனர். பத்ரிநாத் பக்கமிருந்து மறுபக்கம் இறங்க ஓரிரு நாள்கள் போதும் எனக் கணித்திருந்தனர். பனிமலையைக் கடந்து இறங்கியதும் அடர்ந்த காடு எதிர்ப்பட்டது. ஓயாத மழை, வெள்ளம் பெருகிய ஓடைகள், முட்புதர் மண்டிய சரிவுகள். ஒரு நாளைக்குச் சிறு தொலைவே நகர முடிந்தது. உணவு தீர்ந்தது.

அப்போது பயணத்தின் தலைமை இயல்பாகவே கைமாறியது. எந்த மூங்கில் முளையை உண்ணலாம், நனைந்த காட்டில் எவ்வாறு தீ மூட்டலாம் என்பவற்றை அறிந்தவர் ஆங் தார்கே. மூங்கில் முளைகளும் காட்டுக் காளான்களும் ஐவருக்கும் உணவாயின. அம்முளைகளைத் தேடிக் கரடிகளும் வந்தன. அவற்றிற்கு முன்பே இவர்கள் தேட வேண்டியிருந்தது. இறுதியில் கவுண்டார் என்னும் சிற்றூரை அடைந்தபோது, ஊரார் அளித்த சிறிது மாவும் ஒரு வெள்ளரிக்காயும் பெருவிருந்தாயின.

நிறைவான வேளையில் நண்பராக இருப்பது எளிது. கடைசிப் பிடி மாவைப் பங்கிடும் வேளையில்தான் ஒருவரின் உள்ளம் வெளிப்படும். அக்காட்டிலிருந்து வெளியேறிய பின்னும் அந்த ஐவரும் பிரியவில்லை. மீண்டும் மலையேறவே புறப்பட்டனர். அவர்கள் நட்பிற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

ஆங் தார்கே 1950ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குழுவினரின் அன்னபூர்ணா பயணத்தில் ஷெர்ப்பாக்களின் தலைவராகப் பணியாற்றினார். 1953இல் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த டென்சிங் நார்கேயை, 1935ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஆய்வுப் பயணத்திற்கு முதன்முதலில் தேர்ந்தெடுத்தவர் ஷிப்டன்.

வழி திறந்தபின்

இரண்டாண்டுகள் கழித்து, 1936 ஆகஸ்ட் 29 அன்று டில்மனும் நோயல் ஓடெல் என்பவரும் நந்தா தேவியின் உச்சியை அடைந்தனர். மனிதர் அதுவரை அடைந்த சிகரங்களுள் அதுவே உயர்ந்தது. வழியைக் கண்ட இருவருள் ஒருவரான ஷிப்டன் அப்போது உடனில்லை. அவ்வாண்டு எவரெஸ்ட் குழுவில் சென்றிருந்தார். நண்பரின் வெற்றியை அவர் உளமாரப் பாராட்டினார். 1937இல் இருவரும் காரகோரத்தின் ஷக்ஸ்காம் பகுதியில் மீண்டும் இணைந்து நடந்தனர்.

ஐவர் கண்ட வழி பின்னாளில் பலருக்கும் வழியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலையேற்றக் குழுக்கள் பெருகின. விறகுக்காகச் செடிகள் வெட்டப்பட்டன, குப்பைகள் குவிந்தன. மெல்ல வளரும் உயர்மலைத் தாவரங்கள் இதைத் தாங்கவில்லை. 1982இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே உள்வெளி மனித நடமாட்டத்திற்கு மூடப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ இதனை உலக மரபிடமாக ஏற்றது.

ரிஷி கங்கை மலையிலிருந்து வெளிப்பட்டு தௌலி கங்கையுடன் கலக்கும் இடத்தில் ரேணி என்னும் சிற்றூர் உள்ளது. 1974இல் கௌரா தேவி தலைமையில் அவ்வூர்ப் பெண்கள் மரங்களைக் கட்டியணைத்துக் காத்த சிப்கோ போராட்டம் நாடறிந்தது. காடு அவர்களுக்கு விறகும் தீவனமும் நீரும் தந்தது. பூங்காவின் எல்லை மூடப்பட்டபோதோ, தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த மேய்ச்சல் நிலங்களையும் சுமைத்தொழில் வருவாயையும் அப்பகுதி மக்கள் இழக்க நேர்ந்தது. காட்டைக் காப்பதும் காட்டோடு வாழ்வோரைக் காப்பதும் ஒன்றோடொன்று இணைந்து செல்லவேண்டியவை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

தொலைதூரக் காடுகளுக்கும் மலைகளுக்கும் நண்பருடன் முதுகுப்பை சுமந்து செல்லும் வழக்கம் இன்று இளைஞரிடையே பெருகி வருகிறது. செல்லும் இடம் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என எண்ணிப் பார்ப்பது அப்பயணத்தின் முதல் ஆயத்தம். சுமப்பதைக் குறைத்தல், கொண்டு சென்றதைத் திருப்பிக் கொணர்தல், உள்ளூரார் அறிவை மதித்தல், உடன்வருபவரின் நடைக்கேற்பத் தன் நடையை அமைத்தல் ஆகியவை அதன் அறங்கள்.

1977 மார்ச்சில் ஷிப்டன் மறைந்தார். எழுபத்தொன்பது வயதிலும் ஓய்வை நாடாத டில்மன், அதே ஆண்டின் பிற்பகுதியில் ஃபாக்லாந்து தீவுகளை நோக்கிச் சென்ற படகுடன் தென் அட்லாண்டிக் கடலில் காணாமற்போனார். நந்தா தேவியின் உள்வெளியில் இன்று புற்கள் மீண்டும் தழைத்துள்ளன. இரு நண்பர்களும் அங்கே விட்டு வந்தவை தம் காலடித்தடங்கள் மட்டுமே. அவற்றையும் அடுத்த பனிப்பொழிவு மூடியிருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள ஒரு மலை, காடு அல்லது ஆற்றங்கரைக்கு நண்பருடன் செல்வதாகக் கொண்டு, கொண்டுசெல்ல வேண்டிய பொருள்களை ஓர் அஞ்சலுறை அளவில் பட்டியலிடுக. இன்றியமையாதவை எவை, தவிர்க்கத்தக்கவை எவை என வகுப்பில் கலந்துரையாடுக.

2. 'இயற்கை எழில்மிக்க இடங்களை மக்கள் காண்பதற்குத் திறந்துவிட வேண்டும்', 'அவற்றைக் காப்பதற்கு மூடிவைக்க வேண்டும்' ஆகிய தலைப்புகளில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. நந்தா தேவியின் உள்வெளியை அடைவது கடினமாக இருந்ததற்குக் காரணம் யாது?
2. 'தலைமை இயல்பாகவே கைமாறியது' - எச்சூழலில், ஏன்?

சிறுவினா
ஷிப்டன், டில்மன் ஆகியோரின் இயல்புகளை ஒப்பிடுக.

நெடுவினா
குறைந்த சுமையுடன் பயணம் செய்தல் ஒரு பயண முறையாகவும் வாழ்வியல் அறமாகவும் அமைவதைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.