மின்னணு ஏலத்தில் விற்போரும் வாங்குவோரும்

நம் நாட்டின் பல சந்தைகளில் முன்னாளில் ஒரு வழக்கம் இருந்தது. தரகரும் வியாபாரியும் துணியின் மறைவில் கைகோத்து, விரல்களைத் தொட்டு விலை பேசுவர். பொருளுக்குரிய உழவர் அருகிலேயே நிற்பார். ஆயினும் யார் என்ன விலை கேட்டார் என்பதை அவர் அறியார். இத்தகைய குறைகளைக் களையவே ஒழுங்குமுறைச் சந்தைகள் தோன்றின. 1897ஆம் ஆண்டின் பீரார் பருத்தி, தானியச் சந்தைச் சட்டம் இத்துறையில் ஒரு முன்னோடியாகும். 1928இல் அறிக்கை அளித்த வேளாண்மை அரச ஆணையமும் ஒழுங்குமுறைச் சந்தைகளைப் பரவலாக அமைக்குமாறு பரிந்துரைத்தது.

இவ்வளர்ச்சியின் அடுத்த படியே மின்னணு ஏலம். தேசிய வேளாண் சந்தைத் திட்டம் 2016 ஏப்ரல் 14 அன்று 8 மாநிலங்களின் 21 சந்தைகளில் தொடங்கப்பெற்றது. 2018 மார்ச்சுக்குள் 585 சந்தைகளும், 2020 மே மாதத்தில் 1,000 சந்தைகளும் அதில் இணைந்திருந்தன.

ஏலம் நடைபெறும் முறை

உழவர் கொணரும் விளைபொருள் சந்தையின் நுழைவாயிலில் பதிவாகி, ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண் வழங்கப்படுகிறது. மாதிரி எடுத்து ஈரப்பதம், அயற்பொருள் முதலியவை பரிசோதிக்கப்படுகின்றன. முடிவைக் கணினியிலோ கைப்பேசியிலோ கண்டு, வியாபாரிகள் விலை கேட்கின்றனர். கிடைத்த உச்ச விலையை ஏற்பதும் மறுப்பதும் உழவரின் உரிமை. விலை முடிவான பின் எடை போட்டுப் பணம் செலுத்தப்படுகிறது.

துணியின் மறைவு இதனால் நீங்கியது உண்மையே. ஆனால் கணினித் திரையும் ஒரு வகையில் திரைதான். தொலைவிலுள்ள வியாபாரி பொருளைக் கையில் அள்ளிப் பார்ப்பதில்லை. உழவரோ வாங்குபவரின் முகத்தைக் காண்பதில்லை. நேரில் பழகியதால் விளைந்த நம்பிக்கையை இனி எழுத்திலுள்ள தரவிவரமும் கொடுத்த வாக்குமே தாங்க வேண்டியுள்ளது.

சட்டம் கூறுவது

ஏலத்தின் அடிப்படை நெறிகளை 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு வகுத்துள்ளது. சுத்தியல் தட்டியோ வேறு வழக்கமான முறையிலோ முடிவு அறிவிக்கப்படும்போது விற்பனை நிறைவுறுகிறது. அதுவரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். விற்பவர் தாமும் ஏலம் கேட்பதாயின் அவ்வுரிமையை முன்னரே வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும். விலையை உயர்த்தும் பொருட்டுப் பொய்யாக ஏலம் கேட்கச் செய்தால், வாங்கியவர் அவ்விற்பனையை விலக்கிக் கொள்ளலாம். வாங்குவோர் தமக்குள் கூடிப் பேசி விலையை அமுக்குவதும் தவறே. ஏலக் கூட்டுச்சதியைப் போட்டிச் சட்டம், 2002 தடை செய்கிறது.

இரு தரப்பின் கடமைகள்

விற்பவரின் முதற் கடமை உண்மையான விவரம். மேலே நல்ல மணியும் அடியில் ஈர மணியுமாகக் குவியலை அமைத்தல் மாதிரியையே பொய்யாக்கிவிடும். ஒருவர் செய்யும் இத்தவற்றால் வெளியூர் வியாபாரிகள் அச்சந்தையின் பரிசோதனையையே ஐயுறுவர். ஐயம் விலையைக் குறைக்கும். அக்குறைவை நேர்மையான உழவரும் ஏற்க நேரிடும்.

வாங்குபவரின் முதற் கடமை கேட்ட விலையில் நிற்றல். எடுத்துக்காட்டாக, ஓர் உழவரின் 20 குவிண்டால் சரக்கு குவிண்டாலுக்கு 2,400 ரூபாய்க்கு முடிவாயிற்று எனக் கொள்வோம். பின்னர் வந்து, "தரம் போதவில்லை" எனக் கூறி 100 ரூபாய் குறைக்கச் சொன்னால் உழவருக்கு இழப்பு 2,000 ரூபாய். அதற்குள் அடுத்த விலை கேட்டவர் வேறு சரக்கை வாங்கியிருப்பார். வண்டி வாடகையும் ஏறிக்கொண்டிருக்கும். மறுக்கும் உரிமை ஏட்டில் இருந்தும், அதனைப் பயன்படுத்தும் வலிமை அவருக்கு அப்போது இராது. ஆகவே, தரம் பற்றிய ஐயத்தை ஏலத்திற்கு முன்பே எழுப்புவதே முறையாகும்.

நிர்வாகத்தின் பங்கு

இந்நெறிகள் நிலைபெறுவது சந்தை அலுவலர்களைப் பொறுத்தது. குவியலின் பல பகுதிகளிலிருந்தும் மாதிரி எடுத்தல், பரிசோதனை முடிவை ஏலத்திற்கு முன்னரே உழவருக்கும் தெரிவித்தல், ஏலம் முடியும் நேரத்தை மாற்றாதிருத்தல், பிணக்கு எழுந்தால் அன்றே மறுபரிசோதனை செய்தல், வாக்குத் தவறும் வியாபாரி மீது தயங்காது நடவடிக்கை எடுத்தல் ஆகியவை இன்றியமையாதன.

இயந்திரம் விலைகளை வரிசைப்படுத்தும். நேர்மையை அது உண்டாக்காது. மாலையில் சந்தையிலிருந்து திரும்பும் உழவர், தமக்கு இந்த விலை ஏன் கிடைத்தது என்பதைத் தம் வீட்டாருக்கு விளக்கிச் சொல்ல இயலுமாயின், அந்த ஏலம் முறையாக நடந்தது எனக் கொள்ளலாம்.