பள்ளிக் கதவை மூடுவதும் திறப்பதும்: கர்நாடகம் தரும் படிப்பினை

கொள்ளைநோய்க் காலத்தில் அரசு எடுக்கும் முடிவுகளில் மிகவும் கடினமானது எது என்று கேட்டால், மருத்துவமனைகளை நிறுவுவதோ மருந்துகளை வரவழைப்பதோ அன்று. மக்களின் அன்றாட வாழ்வை எந்த அளவுக்கு, எவ்வளவு காலத்திற்கு நிறுத்திவைப்பது என்பதே ஆகும். கோவிட் பெருந்தொற்றின்போது இக்கேள்வி நாடு முழுவதும் விவாதிக்கப்பட்டது. கடைகள், தொழிற்சாலைகள், போக்குவரத்து ஆகியவை குறித்த விவாதம் சில மாதங்களில் ஓரளவு முடிவுக்கு வந்தது. பள்ளிகள் குறித்த விவாதமோ இரண்டு கல்வியாண்டுகள் நீடித்தது. கர்நாடக மாநிலத்திலும், குறிப்பாக அதன் தலைநகரான பெங்களூருவிலும் நடந்த நிகழ்ச்சிகளை வரிசையாக ஆராய்ந்தால், ஆட்சித்துறையினரும் மாணவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய பல உண்மைகள் புலப்படும்.

பழைய அனுபவம்

பெங்களூருவுக்குக் கொள்ளைநோய் புதிதன்று. 1896இல் பம்பாயில் பரவிய பிளேக் நோய், 1898இல் பெங்களூருவை எட்டியது. மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பேட்டைப் பகுதி பெரிதும் பாதிக்கப்பட்டது. காற்றோட்டமும் அகன்ற தெருக்களும் கொண்ட மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய விரிவாக்கப் பகுதிகள் அக்காலத்தில்தான் வளர்ந்தன. பம்பாய்ப் பிளேக்கையொட்டி 1897இல் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டமும், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமுமே 2020இல் அரசுகளுக்குக் கிடைத்த முக்கியக் கருவிகள். நோயாளியைத் தனிமைப்படுத்தவும் கூட்டம் கூடுவதைத் தடுக்கவும் இச்சட்டங்கள் அதிகாரம் அளிக்கின்றன. ஆனால் தடையின் விளைவாக ஏற்படும் இழப்பை யார் அளப்பது, எப்போது தடையை நீக்குவது என்பவற்றிற்கு இவற்றில் தெளிவான வழிகாட்டுதல் இல்லை. பின்னர் எழுந்த விவாதங்களுக்கு இக்குறையும் ஒரு காரணமாகும்.

முடக்கத்தின் தொடக்கம்

நாட்டில் கோவிட் நோயால் நிகழ்ந்த முதல் மரணம் கர்நாடகத்தின் கலபுரகியில் 2020 மார்ச் மாதத்தில் பதிவாயிற்று. அதே மாதத்தில் மாநில அரசு பள்ளிகளையும், திரையரங்குகளையும், பெரும் வணிக வளாகங்களையும் மூட ஆணையிட்டது. மார்ச் 25 முதல் நாடு தழுவிய பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தது. நோயின் தன்மை அறியப்படாத அந்நாட்களில் இம்முடிவை எதிர்த்தவர்கள் மிகச் சிலரே.

முடக்கத்தின் சுமை அனைவர் மீதும் ஒரே அளவில் விழவில்லை என்பது விரைவில் தெரிந்தது. பெங்களூருவில் கட்டட வேலை செய்துவந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்ப முயன்றபோது, 2020 மே முதல் வாரத்தில் அவர்களுக்கான சிறப்பு இரயில்களை மாநில அரசு நிறுத்தக் கோரியது. கட்டுமானத் துறையினருடன் நடந்த ஆலோசனையை அடுத்து எடுக்கப்பட்ட இம்முடிவு கடுமையான கண்டனத்துக்கு உள்ளாகி, சில நாட்களில் கைவிடப்பட்டது. முடிவெடுக்கும் மேசையில் யாருக்கு இடமிருக்கிறது, யாருக்கு இல்லை என்ற கேள்வியை இந்நிகழ்ச்சி முன்வைத்தது. பள்ளிகள் விஷயத்திலும் இதே கேள்வி மீண்டும் எழுந்தது.

இணையவழி வகுப்பு: நீதிமன்றம் கூறியது

பள்ளிகள் மூடப்பட்டதும் தனியார் பள்ளிகள் பல இணையவழி வகுப்புகளைத் தொடங்கின. சிறு குழந்தைகள் நெடுநேரம் திரை முன் அமர்வது தீங்கு என்ற கருத்தின் அடிப்படையில், மழலையர் வகுப்பு முதல் 5ஆம் வகுப்பு வரை இவ்வகுப்புகளை நிறுத்த 2020 ஜூன் மாதத்தில் மாநில அரசு முடிவு செய்தது. பெற்றோரில் ஒரு சாரார் இதனை வரவேற்றனர். மற்றொரு சாரார் நீதிமன்றத்தை நாடினர். பேராசிரியர் எம்.கே. ஸ்ரீதர் தலைமையில் அமைந்த குழு, ஒவ்வொரு வயதினருக்கும் ஏற்ற நேர வரம்புகளை வகுத்து ஜூலையில் அறிக்கை அளித்தது.

2020 ஜூலை 8 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அரசின் ஆணைகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசியலமைப்பின் 21 மற்றும் 21-அ பிரிவுகள் வழங்கும் உரிமையை நிருவாக ஆணையால் குறுக்க இயலாது என்பது நீதிமன்றத்தின் நிலை. பெருந்தொற்றுக் காலத்திலும் கல்வி ஓர் அடிப்படை உரிமையாகவே நிற்கிறது என்பதை இவ்வாணை நிலைநாட்டியது. ஆனால் இத்தீர்வினால் பயன்பெற்றவர்கள் கைபேசியும் இணைய வசதியும் உள்ள வீட்டுக் குழந்தைகளே. வசதியற்ற குழந்தைக்கு அந்த உரிமை ஏட்டளவிலேயே நின்றது.

தேர்வு நடத்தலாமா?

அடுத்த விவாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் பற்றியது. அண்டை மாநிலமான தமிழ்நாடு 2020 ஜூன் 9 அன்று இத்தேர்வை இரத்து செய்து அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவித்தது. கர்நாடகமோ அப்போதைய கல்வி அமைச்சர் எஸ். சுரேஷ் குமாரின் பொறுப்பில், ஜூன் 25 முதல் தேர்வை நடத்தியது. எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் இதற்குப் பதிவு செய்திருந்தனர். முகக்கவசம், உடல்வெப்பச் சோதனை, இடைவெளிவிட்ட இருக்கைகள் ஆகிய ஏற்பாடுகள் செய்யப்பட்டன. தேர்வெழுதிய மாணவர் சிலருக்குத் தொற்று கண்டறியப்பட்ட போதிலும், அஞ்சியவாறு பெரும் பரவல் எதுவும் நிகழவில்லை. 2021இலும் ஜூலை 19, 22 ஆகிய இரு நாட்களில் சுருக்கிய வடிவில் தேர்வு நடைபெற்றது.

ஒரே நோயை எதிர்கொண்ட இரு அண்டை மாநிலங்கள் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தன. இதில் எது சரி என்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. ஆயினும், தக்க முன்னேற்பாடுகளுடன் மாணவர்களைக் கட்டடத்திற்குள் அழைக்க முடியும் என்பதற்குக் கர்நாடகத்தின் தேர்வு ஒரு சான்றாயிற்று. தேர்வுக்காகத் திறக்க முடிந்த பள்ளியைக் கற்பித்தலுக்காகத் திறக்க ஏன் தயக்கம் என்ற வினா இயல்பாகவே எழுந்தது.

வித்யாகமம்: நல்ல முயற்சியும் இடையூறும்

இவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சியே 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட வித்யாகமத் திட்டம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மாணவர் வாழும் இடங்களுக்கே சென்று, மரத்தடியிலும் கோயில் வளாகத்திலும் சமுதாயக் கூடத்திலும் சிறு குழுக்களாக அவர்களை அமர்த்திக் கற்பித்தனர். எவ்விதக் கருவியும் இல்லாதவர், கைபேசி மட்டும் உள்ளவர், இணைய வசதியும் உள்ளவர் என மாணவரை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையினருக்கும் ஏற்ற முறை கையாளப்பட்டது.

கலபுரகி மாவட்டத்தில் இத்திட்டத்தில் பங்கேற்ற குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டதாகச் செய்திகள் வெளிவந்ததை அடுத்து, 2020 அக்டோபரில் திட்டம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பணியின்போது நோயுற்ற ஆசிரியர்களின் நிலையும் விவாதத்தில் முக்கிய இடம்பெற்றது. அவர்களின் அச்சம் நியாயமானதே; அப்போது தடுப்பூசி கிடைக்கவில்லை. எனினும் ஓரிடத்தில் எழுந்த சிக்கலுக்காக மாநிலம் முழுவதும் பணி நின்றது. அதே அக்டோபரில் மத்திய அரசின் தளர்வு விதிகளின்படி திரையரங்குகள் பாதி இருக்கைகளுடன் திறக்க அனுமதி பெற்றன என்பதும் நினைவுகூரத் தக்கது. 2021 ஜனவரி முதல் நாள், 10ஆம் வகுப்புக்கும் இரண்டாம் ஆண்டு பி.யு.சி. வகுப்புக்கும் நேரடி வகுப்புகளும், 6 முதல் 9ஆம் வகுப்பு வரை பள்ளி வளாகத்தில் வித்யாகமமும் தொடங்கின. இரண்டாம் அலை வந்ததும் இவையும் நின்றன.

இரு தரப்பு வாதங்கள்

பள்ளிகளை மூடியே வைக்க வேண்டும் என்றவர்களின் வாதங்கள் புறக்கணிக்கத் தக்கவை அல்ல. குழந்தைகளுக்கு நோய் கடுமையாவது அரிதாயினும், ஒரே அறையில் பாட்டன் பாட்டியுடன் வாழும் குடும்பங்களில் அவர்கள் வழியாகத் தொற்று முதியோரை எட்டக்கூடும். வகுப்பறைகள் நெருக்கமானவை. 2021 மே தொடக்கத்தில் மாநிலத்தில் ஒரே நாளில் 50,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாகி, பெங்களூருவில் மருத்துவமனைப் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் மக்கள் அலைந்ததைக் கண்டவர்கள் எச்சரிக்கையாக இருந்ததில் வியப்பில்லை.

திறக்க வேண்டும் என்றவர்கள், பள்ளி என்பது பாடம் கற்கும் இடம் மட்டுமன்று என்பதைச் சுட்டிக்காட்டினர். மதிய உணவு, உடல்நலச் சோதனை, குழந்தைத் தொழிலிலிருந்தும் இளவயது மணத்திலிருந்தும் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் பள்ளியைச் சார்ந்தே இயங்குகின்றன. சூடான உணவுக்குப் பதிலாகத் தானியம் வழங்கப்பட்டது. ஆனால் குடும்பம் முழுவதும் பட்டினியை எதிர்நோக்கும்போது அது குழந்தையின் தட்டில் மட்டும் விழும் என்று எதிர்பார்க்க இயலாது. டாக்டர் தேவி ஷெட்டி தலைமையிலான வல்லுநர் குழு 2021 ஜூனில் அரசுக்கு அளித்த இடைக்கால அறிக்கையும், பள்ளிகள் நீண்டகாலம் மூடியிருப்பதால் ஊட்டச்சத்துக் குறைவும் குழந்தைத் தொழிலும் பெருகக்கூடும் என எச்சரித்தது.

எதை முதலில் திறப்பது?

2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நான்காவது தேசிய ஆய்வில், 6 முதல் 9 வயதினரில் 57.2 விழுக்காட்டினரிடமும், 10 முதல் 17 வயதினரில் 61.6 விழுக்காட்டினரிடமும் நோய் எதிர்ப்பொருள் காணப்பட்டது. வீட்டிலிருந்த குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டோரைத் தொற்று ஏற்கெனவே எட்டியிருந்தது என்பது இதன் பொருள். சிறு குழந்தைகள் தொற்றை நன்கு சமாளிக்கிறார்கள் என்பதால், தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே பொருத்தம் என அக்கழகத்தின் தலைமை இயக்குநர் அப்போது கருத்துத் தெரிவித்தார். ஐரோப்பாவில் டென்மார்க் 2020 ஏப்ரலிலேயே சிறு வகுப்புகளை முதலில் திறந்தது. சுவீடன் 16 வயதுக்குட்பட்டோர் பள்ளிகளைப் பொதுவாக மூடவே இல்லை. அந்நாடுகளின் வகுப்பறை வசதியும் குடும்ப அமைப்பும் வேறு. ஆகவே அவற்றை அப்படியே பின்பற்றுவது இயலாது. வரிசை முறையை மட்டும் பரிசீலித்திருக்கலாம்.

கர்நாடகத்தில் வரிசை நேர்மாறாக அமைந்தது. தொற்று விகிதம் 2 விழுக்காட்டிற்குக் குறைவான மாவட்டங்களில் 2021 ஆகஸ்ட் 23 அன்று 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலும், செப்டம்பர் 6 அன்று 6 முதல் 8 வரையிலும், அக்டோபர் 25 அன்று 1 முதல் 5 வரையிலும் பள்ளிகள் திறக்கப்பட்டன. 2020 ஜூனில் முதல் வகுப்பில் சேர வேண்டிய குழந்தை, இரண்டாம் வகுப்பு மாணவனாகத்தான் முதன்முதலில் வகுப்பறையைக் கண்டது. பொதுத்தேர்வு மூத்த மாணவர்களுக்கே இருந்ததால் அவர்களின் இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. எழுத்தறியத் தொடங்க வேண்டிய குழந்தையின் இழப்புக்கு மதிப்பெண் பட்டியல் இல்லை.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலையின்போதும் இதே போக்கு காணப்பட்டது. வணிகர்கள், உணவு விடுதி உரிமையாளர்கள் ஆகியோரின் எதிர்ப்பை அடுத்து வார இறுதி ஊரடங்கு ஜனவரி 21 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. பெங்களூருப் பள்ளிகளோ ஜனவரி 31 அன்றுதான் மீண்டும் திறந்தன. வணிகர்க்குச் சங்கம் உண்டு. குழந்தைக்குச் சங்கம் இல்லை.

இழப்பின் அளவு

பெங்களூருவிலுள்ள அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், கர்நாடகம் உள்ளிட்ட 5 மாநிலங்களின் 44 மாவட்டங்களில் 1,137 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 16,067 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2021 பிப்ரவரியில் வெளிவந்தன. 2 முதல் 6ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளில் 92 விழுக்காட்டினர் முந்தைய ஆண்டு பெற்றிருந்த மொழித்திறன்களில் ஒன்றையேனும் இழந்திருந்தனர். கணிதத்தில் இவ்விழுக்காடு 82. புதிதாகக் கற்க வேண்டியவை மட்டுமன்றி, கற்றவையும் மறந்துபோயின.

2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வசதி குறைந்த குடும்பங்களிடையே நடந்த மற்றோர் ஆய்வு, கிராமப்புறக் குழந்தைகளில் 8 விழுக்காட்டினரே ஒழுங்காக இணையவழியில் பயின்றனர் என்றும், 37 விழுக்காட்டினர் எதையுமே படிக்கவில்லை என்றும் தெரிவித்தது. நாட்டின் ஊரகப் பகுதிகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்பு மாணவரின் பங்கு, 2018இல் 27.3 விழுக்காடாக இருந்து 2022இல் 20.5 விழுக்காடாகக் குறைந்ததை ஆசர் ஆய்வு காட்டியது. 2024இல் இது ஏறத்தாழப் பழைய நிலையை எட்டியது ஆறுதல் தருகிறது. ஆனால் முடக்கக் காலத்தில் அதே வகுப்பில் இருந்தவர்கள் அதற்குள் மேல்வகுப்புகளுக்குச் சென்றுவிட்டனர். சராசரி மீண்டது என்பதால் அந்தக் குழந்தைகள் ஒவ்வொருவரும் மீண்டனர் என்று கொள்ளலாகாது.

மீட்புப் பணிகளும் மேற்கொள்ளப்பட்டன. கர்நாடகம் 2022-23ஆம் கல்வியாண்டைக் கற்றல் மீட்பு ஆண்டாக அறிவித்து, ‘கலிகா சேதரிகே’ என்னும் திட்டத்தின் கீழ் விடுபட்ட அடிப்படைத் திறன்களை முதலில் கற்பித்தது. தமிழ்நாடு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களைக் குடியிருப்புகளிலேயே மாலை நேரங்களில் கற்பிக்கச் செய்தது.

கற்க வேண்டியவை

இவ்வனுபவத்திலிருந்து நான்கு முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவதாக, மூடும் ஆணையிலேயே அது மறுபரிசீலனை செய்யப்படும் நாளும், திறப்பதற்கான அளவுகோலும் குறிப்பிடப்பட வேண்டும். முடிவுநாள் இல்லாத தடை, யாரும் முடிவெடுக்காமலேயே நீண்டுவிடுகிறது.

இரண்டாவதாக, முடிவெடுக்கும் எல்லை சிறியதாக இருத்தல் வேண்டும். ஒரு சிற்றூரில் தொற்று என்றால் அவ்வூர்ப் பள்ளியை மூடலாம். மாநிலம் முழுவதும் மூட வேண்டியதில்லை. வட்ட அளவிலான அலுவலர்களுக்கும் பள்ளி மேம்பாட்டுக் குழுக்களுக்கும் இதற்கான அதிகாரம் தேவை.

மூன்றாவதாக, நோயாளிகளின் எண்ணிக்கையை நாள்தோறும் வெளியிட்டது போல், உணவு பெறாத குழந்தைகள், பள்ளியைவிட்டு நின்றவர்கள் ஆகியோரின் கணக்கும் குறித்த கால இடைவெளியில் வெளியிடப்பட வேண்டும். அளக்கப்படாத இழப்பு விவாதத்தில் எடைபெறுவதில்லை.

நான்காவதாக, திறப்பதில் சிறு குழந்தைகளுக்கும் வசதியற்றோருக்கும் முன்னுரிமை வேண்டும். ஆசிரியர்களுக்குத் தடுப்பூசியும் காப்பீடும் அதற்கு முன்நிபந்தனையாகும். ஆசிரியரின் பாதுகாப்பும் மாணவரின் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியதைக் குறைகூறுவது முறையாகாது. அறியாத நோயின் முன் அது தேவைப்பட்ட எச்சரிக்கை. நோயைப் பற்றிய அறிவு வளர்ந்த பின்னரும் அதே முடிவு தொடர்ந்ததே ஆராய வேண்டியது. பிளேக் நோயின் அனுபவத்திலிருந்து பெங்களூரு அகன்ற தெருக்களைப் பெற்றது. கோவிட் அனுபவத்திலிருந்து காற்றோட்டமான வகுப்பறைகளையும், இடருற்ற காலத்திலும் இயங்கும் பள்ளி முறையையும் பெறுமாயின், அக்குழந்தைகள் இழந்த பத்தொன்பது மாதங்கள் வருங்காலத் தலைமுறைக்கேனும் பயன்பட்டவையாகும்.