கூடார மகளிர்க்குக் காவல்

நிலநடுக்கம் ஓய்ந்தவுடன் துன்பமும் ஓய்ந்ததென நாம் கருதுகின்றோம். மகளிர் திறத்தில் அஃது உண்மையன்று. இதனை ஹெயிட்டி நாட்டின் வரலாறுகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கரிபியக் கடலிலுள்ள அந்நாட்டில் 2010 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் நாள் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. தலைநகரின் பெரும்பகுதி இடிந்து வீழ்ந்தது. ஏறக்குறைய 15 இலட்சம் மக்கள் திறந்த வெளிகளில் துணியாலும் தார்ப்பாயாலும் இயன்ற கூடாரங்களில் தங்கினர். ஆங்கு மகளிரை வேறோர் இடர் சூழ்ந்தது. முதல் 150 நாட்களுள் வன்புணர்ச்சிக் குற்றங்கள் 250க்கு மேல் தெரியவந்தன என அனைத்துலகப் பொதுமன்னிப்புச் சபை 2011 இல் அறிவித்தது. அச்சத்தால் வாய்திறவாதார் இக்கணக்கில் அடங்கார்.

இதற்குக் காரணம் யாது? தீயோர் எங்கும் உளர். எனினும் அவர்க்கு இடந்தந்தது முகாமின் அமைப்பே. கூடாரத்திற்குக் கதவில்லை, தாழில்லை. இரவில் விளக்கில்லை. கழிப்பிடம் தொலைவில் இருந்தது. நீராட மறைவிடம் இல்லை. காவலர் மிகச் சிலர். உற்றாரும் அயலாரும் இறந்தும் சிதறியும் போயினமையால், கூவியழைப்பினும் ஓடிவருவார் இலர்.

இந்நிலையில் முன்வந்தவர் துன்புற்ற மகளிரே. முன்னர் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் 2004 இல் நிறுவிய கோஃபாவிவ் என்னும் சங்கத்தார், மகளிர்க்கு ஊதல்களை வழங்கினர். இராக்காவலுக்கும் ஏற்பாடு செய்தனர். வழக்கறிஞர் துணையுடன் மகளிர் சார்பில் விடுத்த முறையீட்டை ஏற்று, அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணைக்குழு 2010 டிசம்பரில் 22 முகாம்களைக் குறித்து அரசினர்க்கு அறிவுறுத்தியது. விளக்கு, ரோந்து, பெண் காவலர், மருத்துவ உதவி ஆகியன வேண்டுமென்றது. திட்டமிடுங்கால் மகளிர் சங்கத்தாரையும் உடனிருத்துதல் வேண்டும் என்றது, இதுவே தலையாயது. எவ்வழி இருண்டது என்பதை அவ்வழி நடப்பவரன்றோ அறிவர்!

இன்னுமொன்று உளது. 2005 வரை ஹெயிட்டியின் சட்டம் இக்கொடுமையைப் பெண்ணின் மானத்திற்கு நேர்ந்த இழுக்காகவே கொண்டிருந்தது. அவ்வாண்டில்தான் அஃது ஓர் ஆளுக்கு இழைத்த குற்றமாயிற்று. அம்மாற்றத்திற்கு உழைத்த மிரியம் மெர்லே அம்மையார் அந்தப் பூகம்பத்திலேயே உயிர்நீத்தார். தமிழ் பயிலும் நாம் இதனை எண்ணுதல் தகும். நம்மிடை நெடுங்காலம் வழங்கிய 'கற்பழிப்பு' என்னும் சொல்லும் அப்பழைய சட்டத்தின் பிழையையே உடையது. இழந்தவள்மேல் பழி சாற்றும் சொல் அவள் வாயை அடைக்கும். வாய் அடைபட்டால் வழக்கில்லை, காவலும் இல்லை.

ஆகவே பேரிடர்க் காலத்தே அரிசியும் நீரும் எண்ணி அனுப்புவோர், விளக்கும் தாழும் உடன் எண்ணுவாராக. யாவற்றிற்கும் முன்னர், ஆங்குள்ள பெண்களை வினவுவாராக.