ஒரே நிறுவனம், இரண்டு போன்கள்: எதை வாங்கலாம்?

ஒரே நிறுவனத்தின் இரண்டு ஸ்மார்ட்போன்கள். பெயரும் தோற்றமும் ஏறக்குறைய ஒன்றுதான். விலையில் மட்டும் பெரிய வேறுபாடு. கூடுதல் பணத்திற்கு என்ன கிடைக்கிறது? கூகுளின் பிக்ஸல் 8, பிக்ஸல் 8ஏ போன்களை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

பிக்ஸல் 8 அக்டோபர் 2023ல் வந்தது. 8ஏ மே 2024ல் வந்தது. இந்தியாவில் 128 ஜி.பி. மாடலின் அறிமுக விலை முறையே ரூ.75,999 மற்றும் ரூ.52,999.

1. வேகம்: இரண்டிலும் டென்சர் ஜி3 பிராசசர், 8 ஜி.பி. ராம். எனவே அன்றாடப் பயன்பாட்டில் வேறுபாடு தெரியாது.

2. ஸ்டோரேஜ்: இரண்டிலும் மெமரி கார்டு போட இடமில்லை. படங்கள், வீடியோக்கள் அதிகம் சேர்ப்பவர்கள் வாங்கும்போதே 256 ஜி.பி. மாடலைப் பார்க்கவும்.

3. கேமரா: 8ல் 50 மெகா பிக்ஸல், 8ஏயில் 64. எண்ணைப் பார்த்து 8ஏதான் சிறந்தது என்று எண்ண வேண்டாம். 8ன் சென்சார் அளவில் பெரியது. அதிக வெளிச்சத்தைப் பெறும். மங்கலான இடங்களில் இது உதவும்.

4. உறுதி: 8க்கு ஐ.பி.68 தரம், 8ஏக்கு ஐ.பி.67. 8ன் திரைக் கண்ணாடியும் உறுதியானது. 8ஏயில் பழைய ரகமான கொரில்லா கிளாஸ் 3.

5. சார்ஜிங்: 8 கேபிள் மூலம் 27 வாட்ஸ் வரை ஏற்கும், 8ஏ 18 வாட்ஸ் மட்டுமே.

6. அப்டேட்: மிக முக்கியமானது இதுதான். இரண்டிற்கும் 7 ஆண்டு அப்டேட் உண்டு. ஆனால் இந்த 7 ஆண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, போன் முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். அதாவது 8க்கு அக்டோபர் 2030 வரை. 8ஏக்கு மே 2031 வரை. அதன்பின் போன் இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் சரி செய்யப்படாது. வங்கிக் கணக்கைப் போனில் கையாள்பவர்களுக்கு இது ஆபத்து.

இரவுப் படங்களும் விரைவான சார்ஜிங்கும் தேவையா? 8 ஏற்றது. பேச, இணையம் பார்க்க, பணம் செலுத்த மட்டும் என்றால் 8ஏ போதும். தள்ளுபடியிலோ பழைய போனாகவோ வாங்கும்போது, விலையை மீதமுள்ள அப்டேட் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். எது உண்மையில் மலிவு என்பது அப்போது தெரியும். எந்த நிறுவனத்தின் போனுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.