ஓஇடி தேர்வு: மார்க் எங்கே விழுகிறது?

வார்டில் நாள் முழுக்க நோயாளிகளோடு பேசுகிறவர், கேஸ் ஷீட்டை ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகியவர். அவரே, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி-யின் ஸ்பீக்கிங்கிலோ ரைட்டிங்கிலோ பத்து இருபது மார்க்கில் கோட்டை விடுகிறார். ரிசல்ட் வந்ததும் கிராமர் புத்தகம் வாங்குகிறார், உச்சரிப்பு வீடியோக்களில் உட்கார்ந்துவிடுகிறார். பிரிட்டனுக்கு முயலும் நர்சுகளில் பலருக்கு இதுதான் நடக்கிறது. டியூட்டி முடிந்து வந்து, தூக்கத்தைக் கெடுத்துப் படிக்கும் அந்த உழைப்பு வீணாகக் கூடாது. அதற்கு, மார்க் போடுகிறவர் எதைத் தேடுகிறார் என்று முதலில் தெரிய வேண்டும்.

பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலான என்எம்சி, லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 350, ரைட்டிங்கில் 300 கேட்கிறது. ஐஇஎல்டிஎஸ் எழுதினால் முதல் மூன்றில் 7, ரைட்டிங்கில் 6.5. எதை எழுதலாம் என்று கேட்டால், வேலையில் இருக்கும் நர்சுக்கு ஓஇடி-யைத்தான் சொல்வேன். ஐஇஎல்டிஎஸ் எல்லோருக்கும் பொதுவான தேர்வு. ஓஇடி-யில் நீங்கள் பேசுவது நோயாளியிடம், எழுதுவது நோயாளியைப் பற்றி.

இந்தத் தேர்வுக்கு 1980-களின் பிற்பகுதியில் இன்றைய அடித்தளத்தைப் போட்டவர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் டிம் மெக்னமாரா. நெடுங்காலம் ஸ்பீக்கிங்கில் மொழியை மட்டுமே அளந்தார்கள். பிறகு அவரும் கேத்தி எல்டர், ஜான் பில் போன்றவர்களும் சேர்ந்து, மொழி வல்லுநர்களை விட்டுவிட்டு அனுபவமுள்ள டாக்டர்கள், நர்சுகள், பிசியோதெரபிஸ்டுகளிடம் போனார்கள். பயிற்சியில் இருப்பவர்கள் நோயாளியோடு பேசுவதைப் பார்க்கவைத்து, எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று கேட்டார்கள். அப்படிப் பார்த்தவர்கள் கிராமரைப் பற்றி அதிகம் பேசவில்லை. நோயாளி சொன்னது பயிற்சியில் இருப்பவர் காதில் விழுந்ததா, பேச்சை ஒழுங்காக நடத்திக்கொண்டு போனாரா என்பதில்தான் அவர்கள் கண் இருந்தது. 2018 செப்டம்பரிலிருந்து, மொழிக்கான நான்கு அளவுகோல்களோடு நோயாளியிடம் பேசும் முறைக்கென்று ஐந்து அளவுகோல்கள் தனியாகச் சேர்ந்தன. நோயாளியின் கண்ணோட்டத்தைப் புரிந்துகொள்வது அவற்றில் ஒன்று.

ஸ்பீக்கிங்கில் ஒரு நோயாளியின் நிலையைச் சொல்லும் கார்டு ஒன்று தருவார்கள்; நோயாளியாக ஒருவர் நடிப்பார். இதை ஒரு மாதிரி கார்டில் பார்ப்போம். 58 வயது சர்க்கரை நோயாளி. டாக்டர் இன்சுலின் எழுதியிருக்கிறார், அவர் மறுக்கிறார். படித்துத் தயாராக உங்களுக்கு 3 நிமிடம், பேச 5 நிமிடம். பெரும்பாலானவர்கள் எடுத்த எடுப்பிலேயே “டோன்ட் வொர்ரி சார், இன்சுலின் இஸ் வெரி சேஃப்” என்று தொடங்கி, ஒரு நிமிடத்துக்கு மூச்சுவிடாமல் பாடம் எடுக்கிறார்கள். வாக்கியத்தில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் நோயாளியாக நடிப்பவரிடம் உங்களுக்குத் தெரியாத இன்னொரு கார்டு இருக்கிறது. தன் அண்ணனுக்கு இன்சுலின் தொடங்கிய சில மாதத்தில் காலை எடுத்துவிட்டார்கள் என்பது அதில் இருக்கலாம். நீங்கள் கேட்டால்தான் அது வெளியே வரும். “வாட் ஹேவ் யூ ஹேர்ட் அபவுட் இன்சுலின்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வந்ததும், முதலில் அந்த அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. இன்சுலின் விளக்கம் அதற்குப் பிறகு. அதையும் சிறிது சொல்லிவிட்டு, புரிந்ததா என்று பார்த்து, மீதியைச் சொல்லுங்கள். ‘ஹைப்போகிளைசீமியா’ என்ற சொல் வரவே வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும் என்று எளிய ஆங்கிலத்தில் சொன்னால் போதும்.

எதிரில் இருப்பவர் மார்க் போடுவதில்லை. ஒலிப்பதிவைக் கேட்டு மார்க் போடுகிறவர்கள் வேறு. ஆகவே அவர் முகம் கடுகடுவென்று இருந்தாலும் பதறாதீர்கள்.

‘என் ஆக்சென்ட் தமிழ் வாடையடிக்கிறது’ என்ற கவலையை விட்டுவிடலாம். கனடாவில் முர்ரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, ஆக்சென்ட் பலமாக இருப்பதும் பேச்சு புரியாமல் போவதும் வேறுவேறு என்று காட்டியது. அந்நிய வாடை தூக்கலாக இருக்கிறது என்று மதிப்பிட்ட வாக்கியங்களையே கேட்டவர்கள் ஒரு சொல் பிசகாமல் எழுதிக் காட்டினார்கள். பிரிட்டிஷ் குரலில் பேச முயன்று வீணாகும் நேரத்தை, புரிதலைக் கெடுக்கும் இடங்களுக்குக் கொடுங்கள். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் ஒரே மாதிரி சொன்னால் 15 மில்லிகிராம் 50 ஆகிவிடும். எங்கே அழுத்த வேண்டும் என்று பழகுங்கள்.

வாக்கியம் முடிந்த இடத்தில் நிற்பது கேட்பவரை உறுத்தாது; சொல் கிடைக்காமல் நடுவில் தடுமாறி நிற்பதுதான் உறுத்தும். அந்தத் தடுமாற்றம் போய்ச் சரளம் வர ஒரு நல்ல பயிற்சி உண்டு. கீத் மாரிஸ் 1983-இல் சொன்னது: ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், இன்னொருவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் பேசுங்கள். ஆள் மாறுவதால் விஷயம் உங்களுக்குச் சலிக்காது, சொற்களும் தாமாக வந்து விழத் தொடங்கும். ஹாஸ்டலில் மூன்று பேர் கிடைக்க மாட்டார்களா?

ரைட்டிங்கில் விழும் அடி வேறு மாதிரி. 5 நிமிடம் கேஸ் நோட்ஸ் படித்து, 40 நிமிடத்தில் சுமார் 180–200 சொற்களில் கடிதம். இடுப்பு மூட்டு மாற்றிய ஒரு பெண்மணி டிஸ்சார்ஜ் ஆகிறார்; வீட்டுக்கு வந்து டிரெஸ்ஸிங் செய்யும் நர்சுக்கு எழுத வேண்டும் என்று வையுங்கள். நோட்ஸில் பழைய அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் இருக்கும், மறைந்த கணவரின் இதய நோய் இருக்கும், மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத வீட்டில் தனியாக இருக்கிறார் என்பதும் இருக்கும். பலர் அப்பெண்டிக்ஸை எழுதிவிட்டு மாடியை விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குப் போகும் நர்சுக்கு எது வேண்டும்? எதற்காக எழுதுகிறீர்கள் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். அதற்கென்றே தனி மார்க் உண்டு. மனப்பாட டெம்ப்ளேட் இங்கே கைகொடுக்காது. டெம்ப்ளேட்டுக்கு அந்த மாடி வீடு தெரியாது.

லிசனிங்கில் ஆடியோ ஒரே முறைதான். ரீடிங்கின் முதல் பகுதி 15 நிமிடத்தில் 20 கேள்வி. வரிவரியாகப் படிக்காமல் விடையைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் கடிகாரம் வைத்துப் பழகினால் போதும்.

கோச்சிங் சேர்வதானால், பழைய கேள்வித்தாள்கள் எத்தனை கொடுப்பார்கள் என்று பார்க்காதீர்கள். இலங்கையில் சாதாரண தர ஆங்கிலத் தேர்வை மாற்றியபோது லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் டயான் வாலும் சார்லஸ் ஆல்டர்சனும் வகுப்பறைகளைக் கவனித்து 1993-இல் எழுதினார்கள். தேர்வு மாறியதும் எதைக் கற்பிக்கிறார்கள் என்பது மாறியது. எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பது பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஆகவே சேரும் முன் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை நிமிடம் நான் பேச, ஒருவர் உட்கார்ந்து கேட்பார்? என் கடிதத்தைத் திருத்துகிறவர் கிராமருக்கு மட்டும் சிவப்பு மையால் கோடு போடுவாரா, ‘இந்த வரி யாருக்கு?’ என்றும் கேட்பாரா?

ஒரு பகுதியில் மட்டும் குறைந்தால் இடிந்துபோக வேண்டாம். இரண்டு முறை எழுதிய மதிப்பெண்களைச் சில நிபந்தனைகளோடு சேர்த்துக் காட்ட என்எம்சி அனுமதிக்கிறது. அந்த நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், மறுபடி பணம் கட்டுவதற்கு முன் அவர்களுடைய தளத்திலேயே படித்துவிடுங்கள். ஏஜென்ட் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.