குளிருகிறவரைக் கடிந்துகொள்ளலாமா?



சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் தாய்மாரை எண்ணூர், திருவொற்றியூர் வீடுகளில் காண்கிறோம். "சோம்பேறி" என்று வீட்டார் கடிந்துகொள்கிறார்கள்.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி உடற்சூட்டைக் காக்கும் அடுப்பைப் போன்றது. சுரப்பு குறைந்தால் குளிர், அசதி, மலச்சிக்கல். மிகுந்தால் மார்கழியிலும் வியர்வை, படபடப்பு, கைநடுக்கம். சென்னை உட்பட 8 நகரங்களில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 11 பேருக்குச் சுரப்புக் குறைவு காணப்பட்டது. இரத்தசோகையிலும் குளிரும், ஆகவே டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை அவசியம்.

தைராக்ஸின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை காப்பியும் உணவும் தவிர்க்கவேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. சுகமானதும் தாமாக நிறுத்தலாகாது. கர்ப்பவதிகள் உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும்.

"குளிருகிறது" என்பவரைக் கடிந்துகொள்ளாமல் பரிசோதனைக்கு அழைத்து வருவோம். அதுவும் ஊழியமே.